19 வயதில் கண்ணுக்கு லேசர் செய்யலாமா?

கேள்வி, 3 மார்ச் 2024

தங்கைக்கு 19 வயது. இரண்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போது வலது மைனஸ் 4.75, இடது மைனஸ் 5.25, கொஞ்சம் சிலிண்டரும் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்கான பவர்) உண்டு. வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 18 முடிந்தால் லேசர் செய்யலாம் என்று விளம்பரங்களில் போட்டிருக்கிறார்கள். மே விடுமுறையில் செய்துவிடலாமா? செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், 3 மார்ச் 2024, இரவு 10.40

இந்த மே வேண்டாம் தம்பி.

நான் 2009 மே மாதம் செய்துகொண்டேன். அப்போது வயது 21, இரண்டு கண்ணும் மைனஸ் 6, ஆவணியில் கல்யாணம். இப்போது வயது 36, கண்ணாடி மைனஸ் 1.5. வீட்டுக்குள் அது இல்லாமல் சமாளிப்பேன். திருச்சி சாலையில் இரவு வண்டி எடுக்க வேண்டுமென்றால் போட்டே ஆக வேண்டும். 21 ஆகும்வரையாவது பொறுங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், பையனுக்குப் பரீட்சை.

4 மார்ச் 2024, காலை 6.15

நேற்று 21 என்று எழுதியது தவறு. நான் செய்ததே 21-இல் தான், அது எனக்குப் போதவில்லை. அதை வைத்துக்கொண்டே 21 என்று எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை, தூக்கக் கலக்கம். திருத்திக்கொள்கிறேன்.

18 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்: அதற்குக் கீழே பொதுவாகச் செய்ய மாட்டார்கள். 18 ஆனவுடன் எல்லாருக்கும் செய்யலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் நீளமாக வளர்வதால் வருகிறது. பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய மைனஸ் இரண்டரை, மூன்று பவர். லேசர் கருவிழியின் முன்பக்கத்தைத்தான் சீவுகிறது. பின்னால் கண் நீண்டுகொண்டே போனால் லேசர் அதை ஒன்றும் செய்யாது. வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது கீழே மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்வோம், அடுத்த வருடம் இறக்கிவிடலாம் என்று. கருவிழியில் அப்படி மடிப்பு வைக்க இடமில்லை. சீவியது சீவியதுதான்.

அமெரிக்காவில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த காமெட் என்று ஓர் ஆய்வு உண்டு. அதில் 18 வயதில் பவர் நின்றிருந்தவர்கள் 77 சதவீதம், 21 வயதில் 90 சதவீதம். மீதி, அதாவது பத்துப் பேரில் ஒருவருக்கு, 21-லும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று வயதை வைத்துச் சொல்ல முடியாது. அவரவருடைய பழைய கண் பரிசோதனைச் சீட்டுதான் சொல்லும்.

அதனால் வயதைக் கேட்காதீர்கள். தங்கையின் பவர் கடைசியாக எப்போது மாறியது என்று கேளுங்கள். ஒரு வருடத்தில் அரைப் புள்ளிக்கு (0.50 பவர்) மேல் மாறியிருக்கக் கூடாது என்பதுதான் பொதுவாகப் பார்க்கும் அளவு. என் விருப்பம் இரண்டு வருடம்.

4 மார்ச் 2024, மதியம் 1.50

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். "பவர் மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நினைப்பது போதாது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

மருத்துவமனையில் கேட்டார்கள், பவர் எத்தனை நாளாக இதே அளவு என்று. பக்கத்திலிருந்த அம்மா "ரெண்டு வருஷமா அதேதான்" என்றார். நான் தலையாட்டினேன். பல வருடம் கழித்து, அம்மா வீட்டுப் பீரோவில் துணிக்கடைப் பை ஒன்றில் என் பழைய சீட்டுகள் கிடைத்தன. 2006 ஜூன் 4.50. 2007 ஜூன் 5.00. 2008 மே 5.25. 2009 மே 6.00. கடைசி ஒரு வருடத்தில் மட்டும் முக்கால் புள்ளி ஏறியிருக்கிறது. அந்தச் சீட்டுகளை அன்று கையில் கொண்டு போயிருந்தால் எந்த மருத்துவரும் அடுத்த வருடம் வரச் சொல்லியிருப்பார். அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு ஐந்தேகாலும் ஆறும் ஒன்றுதான், இரண்டுமே சோடாபுட்டி.

இன்று வீட்டில் தேடுங்கள். சீட்டு இல்லையென்றால் கண்ணாடி வாங்கிய கடையில் பதிவேடு இருக்கும். பழைய கண்ணாடியே கிடந்தாலும் போதும், கடையில் கொடுத்தால் அதன் பவரைக் கருவியில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

4 மார்ச் 2024, இரவு 9.05

ஒன்று சேர்க்க விட்டுப்போனது. கடைச் சீட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் அப்படியே ஒப்பிட வேண்டாம். இளவயதில் கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகிக்கொண்டு பவரைக் கூட்டிக் காட்டும். சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்திப் பார்க்கும் அளவுதான் சரி. கடையில் அது செய்வதில்லை. சொட்டு விட்டால் சில மணி நேரம் படிக்க முடியாது, வெயிலில் கண் கூசும், துணைக்கு ஓர் ஆள் போங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் அதையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மென்மையான லென்ஸ் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் மூன்று வாரமோ அதற்கு மேலோ. லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வடிவம் மாறியிருக்கும். அது பழைய நிலைக்கு வந்த பிறகு எடுக்கும் படம்தான் நம்பத் தக்கது.

9 மார்ச் 2024

"ஏறினால் என்ன, இன்னொரு முறை செய்துகொள்ளலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைத்தான் நானும் நம்பியிருந்தேன். 2019-இல் போய்க் கேட்டேன், முடியாது என்றார்கள். ஏன் என்று அந்த மருத்துவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார், அதை இங்கே போடுகிறேன்.

சீவுவதற்கு முன் என் கருவிழியின் தடிமன் 518 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பாதி. 2009-இல் எனக்கு ஃபிளாப் (சீவுவதற்கு முன் மூடிபோல் திறக்கும் கருவிழியின் மேல் படலம்) எடுத்தது பிளேடால், அது 140 மைக்ரான் என்று கோப்பில் இருக்கிறது. இப்போது லேசராலேயே எடுக்கிறார்கள், 100, 110 போதும். ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு புள்ளி பவருக்குச் சுமார் 14 மைக்ரான் சீவ வேண்டும். ஆறுக்கு 84. ஆக 518-இல் 140-உம் 84-உம் போனால் அடியில் மிச்சம் 294. இன்னும் ஒன்றரைக்குச் செய்தால் 273.

250-க்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய கோடு. நான் 273 தானே என்று வாதாடினேன். "அந்தக் கோட்டில் நிற்க எனக்கு விருப்பமில்லை, 300 இருந்தால்தான் நான் தொடுவேன்" என்றார். மெலிந்த கருவிழி உள்ளே இருக்கும் அழுத்தத்தில் மெல்ல முன்னால் பிதுங்கலாம். பிதுங்கினால் கண்ணாடியும் முழுதாகச் சரிசெய்யாது. அவர் மறுத்ததற்கு அன்று கோபம் வந்தது. இப்போது அவரைத்தான் என் தோழிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறேன்.

அவசரப்பட்டு முதல் முறை செய்தவருக்கு இரண்டாம் முறைக்குத் தோல் மிச்சமிருக்காது. தங்கைக்கு எத்தனை மைக்ரான் என்று தெரியாமல் நாள் குறிக்காதீர்கள்.

10 மார்ச் 2024

மேலே "தோல்" என்று எழுதிவிட்டேன், பேச்சு வழக்கில் வந்துவிட்டது. கருவிழித் திசு என்று வாசிக்கவும்.

இன்னொரு திருத்தமும் உண்டு. என் ஒன்றரைப் புள்ளியும் கண் வளர்ந்ததால் வந்தது என்பதுபோல் எழுதியிருந்தேன். முழுவதும் அப்படி இருக்காது. அதிக பவருக்குச் செய்யும்போது, சீவிய இடம் ஆறுகையில் கொஞ்சம் பழைய பக்கம் திரும்புவதும் உண்டு. எனக்கு இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் 2009 வரைக்கும் ஏறிக்கொண்டிருந்த பவர் என் கல்யாணத் தேதிக்காக நின்றிருக்காது.

17 மார்ச் 2024, ஞாயிறு

லேசர் கண்ணைச் சுட்டுவிடாதா என்று தங்கை பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். இதை அவளிடம் காட்டுங்கள், ஒரு சென்னைக்காரர் கதை.

ரங்கசாமி சீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்கா போய் நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். எக்சைமர் லேசர் என்ற புறஊதாக் கதிரை வைத்துப் பிளாஸ்டிக்கில் நுணுக்கமாகச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் அதில் அந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். பக்கத்துத் திசு கருகவே இல்லை, கத்தி வைத்ததுபோல் சுத்தமாக வெட்டியிருந்தது. அந்தக் கதிரின் அலைநீளம் 193 நானோமீட்டர். அது திசுவின் மூலக்கூறுகளுக்குள் இருக்கும் பிணைப்பையே அறுத்துவிடும், சூடு பக்கத்தில் பரவாது. தலைமுடி ஒன்றில் அவர்கள் பள்ளம் பள்ளமாகச் செதுக்கிய படம் இணையத்தில் கிடைக்கும். 1983-இல் ஸ்டீபன் ட்ரோக்கெல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து மாட்டின் கருவிழியில் செய்து காட்டினார்கள். இன்று உலகம் முழுதும் கருவிழியைச் சீவுகிற லேசர் அங்கிருந்து வந்தது. அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்ப விருது அவருக்கும் உடன் வேலை பார்த்த இருவருக்கும் கிடைத்தது.

இதை என் பையனிடம் சொன்னபோது, "அப்போ அந்தக் கறியை அப்புறம் யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டான். பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

24 மார்ச் 2024

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு வீட்டார், கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். கழற்றினேன். எதிரே இருந்தவர்கள் எல்லாரும் கலங்கலாகத் தெரிந்தார்கள், யார் முகத்தில் என்ன இருந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர்கள் போன பிறகு அம்மா அழுதார். அடுத்த வாரமே லேசர் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். இரண்டு கண்ணுக்கும் 28,000 ரூபாய், அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தது ஜாதகமும் மண்டப முன்பதிவும்தான். கண்ணைக் கேட்டு யாரும் நாள் குறிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வருவதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பவர் கொஞ்சம் ஆடும், கண் வறட்சியும் கூடும். அந்தக் காலத்தில் லேசர் செய்ய மாட்டார்கள், அளவு எடுத்தாலும் நம்ப மாட்டார்கள். எனக்கு 2012-இல் பையன் பிறந்தான், தூரத்துப் பேருந்துப் பலகை மங்கலாகத் தெரிவதை அப்போதுதான் கவனித்தேன். 21-லேயே கல்யாணம் என்றால், இரண்டு பிள்ளை பெற்று, பால் நிறுத்தி, 27, 28-இல் நிதானமாகச் செய்துகொள்வது எவ்வளவோ மேல். கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்கிற வீட்டுக்கு உங்கள் தங்கை எதற்குப் போக வேண்டும், அதையும் அம்மாவிடம் கேளுங்கள். நான் கட்டிக்கொண்டவரே கண்ணாடிக்காரர்தான்.

2 ஏப்ரல் 2024

பெரம்பலூர் அண்ணன் கேட்டது: வயது 43, மைனஸ் 2.5, இப்போது செய்யலாமா?

செய்யலாம் அண்ணா, பவர் எப்போதோ நின்றிருக்கும். ஆனால் நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். இப்போது நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழ் படிக்கிறீர்கள் இல்லையா, மைனஸ் இரண்டரை உங்களுக்குக் கொடுத்திருக்கும் வசதி அது. லேசர் செய்தால் தூரம் தெளிவாகும், நாளிதழுக்குக் கண்ணாடி தேட வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைப்பது ஒரு வழி. சிலருக்கு அது பழகாது, முதலில் கான்டாக்ட் லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வயது இன்னும் கூடினால் கண்புரை வரும். புரை எடுக்கும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரையே மாற்றி நம் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துவிடலாம், தனியாக லேசர் எதற்கு? எங்கள் பெரியப்பாவுக்கு 61 வயதில் அப்படித்தான் மைனஸ் 7 போயிற்று. ஏற்கெனவே லேசர் செய்தவர்களுக்கு அந்த லென்ஸ் கணக்கு சிக்கலாகும், கருவிழியின் வடிவம் மாறியிருக்கும். அதனால் லேசருக்கு முந்தைய அளவுகள் உள்ள கோப்பை எடுத்து வைக்க வேண்டும். என் கோப்பு இப்போது வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

6 ஏப்ரல் 2024

வேலைக்காகக் கேட்கும் பையன்களுக்குச் சுருக்கமாக. ரயில்வேயில் லோகோ பைலட் ஆக வேண்டுமென்றால் லேசர் செய்யவே கூடாது, செய்தவர்களை மருத்துவத் தகுதியில் ஒதுக்கிவிடுவார்கள். விமானப்படையில் 20 வயதுக்கு முன் செய்தவர்களை எடுப்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிப்பில் உள்ள மருத்துவத் தகுதிப் பக்கத்தை முதலில் வாசியுங்கள், பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு வந்த ஒரு தம்பி இதைத் தெரியாமல் செய்துகொண்டு, லோகோ பைலட் கனவை விட்டுவிட்டு இப்போது வேறு பரீட்சைக்குப் படிக்கிறான்.

20 ஏப்ரல் 2024, இரவு

தம்பி, நீங்கள் போட்ட பரிசோதனை முடிவை மூன்று முறை வாசித்தேன். வலது கண்ணில் கருவிழியின் கீழ்ப்பாதி கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கிறது, மிக மெலிந்த இடம் 486 மைக்ரான், சந்தேகமாக இருப்பதால் லேசர் வேண்டாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் படம் எடுப்போம் என்று எழுதியிருக்கிறார்கள்.

முதலில், நல்ல மருத்துவரிடம் போயிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்வதில் அவருக்கு வருமானம் இல்லை.

அவர் சந்தேகப்படுவது கெரட்டோகோனஸை. கருவிழி மெலிந்து கூம்புபோல் பிதுங்கும் நோய். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி முப்பது, முப்பத்தைந்து வரை மெல்ல மெல்லக் கூடும். தங்கைக்கு அது இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார். அந்தக் கண்ணில் மேமாதம் சீவியிருந்தால் பிதுங்குவதை நாமே கூட்டியிருப்போம். 19 வயதில் படம் நன்றாக வருவதற்கும் 25 வயதில் நன்றாக வருவதற்கும் வித்தியாசம் உண்டு என்று இப்போது புரிகிறது. வர வேண்டிய நோய் 25-க்குள் பெரும்பாலும் முகம் காட்டியிருக்கும். மார்ச்சில் நான் பவரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். பொறுத்திருக்க இது இன்னும் பெரிய காரணம், நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

21 ஏப்ரல் 2024, காலை

தங்கை கண்ணைக் கசக்குவாளா? ஒவ்வாமை, தூசி, அரிப்பு உண்டா? இருந்தால் அதற்குச் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள், கசக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். கண் கசக்குவது கெரட்டோகோனஸோடு சேர்ந்தே வருகிற பழக்கம், நோயைக் கூட்டவும் செய்யும்.

நோய் கூடுவது தெரிந்தால் சி3ஆர் என்று ஒரு சிகிச்சை இருக்கிறது. ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் சொட்டு விட்டு, புறஊதா ஒளி காட்டி, கருவிழியின் நார்களை இறுக்குவார்கள். அது நோயை நிறுத்துவதற்கு, கண்ணாடியைக் கழற்றுவதற்கு இல்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பார்வை நன்றாக இருக்கும்போதே நிறுத்திவிடலாம். அதனால் அக்டோபர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

விழித்திரையையும் சொட்டு விட்டுப் பார்த்தார்களா என்று எழுதவில்லையே? மைனஸ் 5 கண்ணில் விழித்திரை ஓரம் மெலிந்திருக்கலாம், ஓட்டை இருக்கலாம். லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும் வருடம் ஒரு முறை அது பார்க்க வேண்டும். மின்னல் அடிப்பதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரெனக் கூடினாலோ, அன்றைக்கே போக வேண்டும்.

5 மே 2024

"அப்படியென்றால் செய்ததற்கு வருந்துகிறீர்களா அக்கா" என்று தங்கையே கேட்டிருக்கிறாள். அவளுக்கு நேராகச் சொல்கிறேன்.

செய்த மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போனேன். மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் கோயில் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் அதுவரை என் கண் பார்த்த மலைக்கோட்டை ஒரு பழுப்புத் திட்டு. படியில் ஏறுகிறவர்கள்கூடத் தெரிவதுபோல் இருந்தது. அம்மாவும் நானும் அங்கேயே நின்று அழுதோம், அழக் கூடாது என்று சொல்லியிருந்தும். அது எனக்குக் கிடைத்தது, அதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு எட்டு மாதம் கண் வறட்சி. வங்கியில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து மணிக்கு ஒரு முறை சொட்டு விட்டேன். இரவில் எதிர் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தது, அது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என் வருத்தம் செய்ததில் இல்லை. 2012-ஓ 2014-ஓ என்று பொறுத்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும், அதில்தான்.

உனக்கு இப்போது முடியாது என்பதால் எப்போதும் முடியாது என்று ஆகிவிடாது. படம் வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால், பிற்பாடு கருவிழியைச் சீவாமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐசிஎல் முறையைப் பற்றி மருத்துவரிடம் கேள். அதற்கும் பொதுவாக 21 முதல் 45 வரை என்று வயது வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு முகத்துக்குப் பொருந்துகிற நல்ல ஃபிரேம் ஒன்றை உன் விருப்பப்படி வாங்கிக்கொள். அண்ணன் பணம் கொடுக்கட்டும்.

10 நவம்பர் 2024

ஆறு மாதப் படம் வந்துவிட்டதாம். வலது கண்ணின் வளைவு மாறவில்லை, 486 இப்போது 485, அது கருவியின் ஏற்ற இறக்கத்துக்குள் தான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பவர் இடது கண்ணில் கால் புள்ளி ஏறியிருக்கிறது. அடுத்த படம் மே மாதம். கசக்குவது நின்றுவிட்டது, கருநீல ஃபிரேம் வாங்கியிருக்கிறாள், கல்லூரியில் கடைசி வருடம்.

இந்தச் சீட்டையும் பழைய சீட்டுகளோடு ஒரே உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள் தம்பி.